ராக்னாவின் இருட்டுக் காலம்

கிரோவிக்
16 பிப்ரவரி 1965

தோரூனுக்கு,

நீ உன் மாமா மகள் சிக்னே வீட்டில் இருக்கிறாய் என்பதைக் கப்பல்துறை ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டினவனுக்கு ஊரான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. மின்நிலையத்தில் வேலை முடித்து வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது, ராக்னாவின் கட்டில் காலி, மேஜையில் ஒரு துண்டுச்சீட்டு. 'இவளை ஓஸ்லோவுக்குக் கூட்டிப் போகிறேன். தேடாதே.' தேடாதே என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

நடந்ததை நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிக்னேயிடம் உன் பக்கத்தை மட்டும்தான் நீ சொல்லியிருப்பாய். அன்று பள்ளிக்கூடத்தில் மலைச்சூரியன் விளக்கு நாள். குளிர்காலத்தில் வெயிலையே பார்க்காத பிள்ளைகள் வெளிறிப் போகக் கூடாது, எலும்பு வளைந்துவிடக் கூடாது என்று மாதர் சங்கத்தார் ஸ்வெட்டர் பின்னிப் பின்னி விற்று வாங்கிய விளக்கு. அதைப் பள்ளியில் மாட்டிக் கொடுத்தவன் நான். எல்லாப் பிள்ளைகளும் உள்ளாடையோடு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கைச் சுற்றி வட்டமாக நின்று பாடுகிறார்கள். அதை மாட்டினவனுடைய மகள் மட்டும் கரிக் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்கிறாள். டீச்சர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய் அவளைத் தூக்கி வந்து நிறுத்தினேன். முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

அன்று மாலை அவள் போட்ட கூச்சல் எனக்கும் கேட்டது, நான் ஒன்றும் செவிடில்லை. ஆனால் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. பாலாடை மாதிரி இருந்தது. வலிக்கிற தோல் இப்படியா இருக்கும்? மாவட்ட டாக்டரும் உன்னிடம் அதைத்தானே சொன்னார். "தோல்ல ஒண்ணும் இல்லம்மா. பிடிவாதம்தான் இருக்கு."

ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபம் ஆறியதும் வா. தினமும் அவித்த மீனும் உருளைக்கிழங்கும்தான் தின்கிறேன்.

ஹால்வார்


ஓஸ்லோ
3 மார்ச் 1965

ஹால்வார்,

உனக்குப் பதில் போட வேண்டாமென்றுதான் இருந்தேன். சிக்னே விடவில்லை. "எப்படியும் அந்தப் பொண்ணுக்கு அவன் அப்பன்டி. ரெண்டு வரியாவது போடு" என்று என் கையில் பேனாவைத் திணித்தாள்.

ரயிலில் நடந்ததைச் சொல்கிறேன். ராக்னா ஜன்னலோரம் கேட்டாள், கொடுத்தேன். வெளியே பனிமேல் வெயில். அவள் கண்ணாடிக்கு உள்ளே, கதகதப்பில், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கழிவறையில், கைகழுவும் தொட்டியில் இரண்டு கையையும் முழங்கை வரை ஐஸ் மாதிரித் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றாள். வெளியே எடுக்கச் சொன்னால், "வேணாம்மா, வேணாம்மா, கையை வெட்டிடு" என்றாள். உன் மகள் ஒன்பது வயதில் அம்மாவிடம் கையை வெட்டச் சொல்லிக் கேட்கிறாள். அவளை விளக்கடியில் பிடித்து நிறுத்தியதை மட்டும் இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறாயே, இதையும் வாசித்துக்கொள்.

இங்கே இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர், "கண்ணாடிக்குள்ள இருக்கறவளை வெயில் சுடாது" என்று சிரித்தார். இன்னொருவர் எனக்கு நரம்பு டானிக் எழுதிக் கொடுத்தார். அவளுக்கல்ல, எனக்கு.

நானாகவே கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கைக்குழந்தைகளின் பின்பக்கத்துக்குத் தடவுவோமே, அந்தத் துத்தநாகக் களிம்பு. ரொட்டியில் வெண்ணெய் மாதிரித் தடவினால் பிரயோஜனமில்லை, சுவருக்குச் சுண்ணாம்பு மாதிரி அப்ப வேண்டும். வந்த புதிதில் மூக்கிலும் கன்னத்திலும் மட்டும் போதுமாக இருந்தது. இப்போது வெயில் ஏறிவிட்டது, காது மடல், கழுத்து, விரலிடுக்கு என்று தினம் ஓர் இடம் கூடுகிறது. டிராமில் ஒரு பெண் இவளைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

'பிடிவாதம்' என்ற வார்த்தை இனி உன் கடிதத்தில் வந்தால் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். அவளுடைய மெல்லிய பருத்திக் கையுறைகள் உன் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அவற்றை அனுப்பு.

தோரூன்


கிரோவிக்
26 ஏப்ரல் 1965

தோரூன்,

கையுறைகளை அனுப்பியிருக்கிறேன். கூடவே காய்ந்த மீன். சிக்னேவுக்கும் கொடு, அவள் என்னைத் திட்டாமலிருக்கக் கூலி.

இங்கே எல்லாரும் ஈஸ்டருக்குப் பனிச்சறுக்கு போய்விட்டு முகமெல்லாம் காபி நிறமாக வந்து நிற்கிறார்கள். மூக்குத் தோல் உரியாதவனை ஆண்பிள்ளையாகவே மதிப்பதில்லை. கடைக்காரன் ஊலுஃப் என்னைப் பார்த்து, "என்னப்பா, பொண்டாட்டி போனதும் குகைக்குள்ள குடியேறிட்டியா?" என்கிறான்.

உன் கடிதத்தை நாலைந்து முறை வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் விடுமுறையில் பள்ளிக்கூடம் காலியாக இருந்தது, சாவி என்னிடம் இருந்தது. போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். அப்படி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாமே. சுகமாகத்தான் இருந்தது, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். மறுநாள் தோள்பட்டை இரண்டும் அவித்த இறால் நிறத்தில். சட்டை பட்டால் எரிந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

இதுதான் எனக்கு மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தோல் சிவக்கிறது, வலி கொஞ்சம். அவளுக்குச் சிவப்பே இல்லை, கையை வெட்டச் சொல்கிறாள். அந்த விளக்கின் கம்பி, சுருள், கண்ணாடி எல்லாம் எனக்கு அத்துப்படி. அது என் மகளை என்ன செய்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

எப்படி வலிக்கிறது என்று அவளையே கேட்டு எழுது. நான் கேட்டதே இல்லை.

ஹால்வார்


ஓஸ்லோ
20 மே 1965

ஹால்வார்,

உட்கார்ந்து வாசி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஃபால்க் என்று ஓர் இளம் டாக்டர். சிக்னே வேலை செய்யும் அலுவலகத்தில் யாரோ சொல்லி அவரிடம் போனோம். இவரும் சிரிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி ஜன்னல் கதையைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். "திரும்பச் சொல்லுங்க. கண்ணாடிக்கு உள்ளே இருந்துமா?" என்று கேட்டார். பிறகு ராக்னாவின் விரலில் ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். எங்களை ஓர் இருட்டறைக்குக் கூட்டிப் போனார். மைக்ரோஸ்கோப், அதற்குள் ஊதா வெளிச்சம். முதலில் அவருடைய ரத்தத்தையே காட்டினார். இருட்டு, ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் இவளுடையதை வைத்தார்.

ஹால்வார், அது எரிந்தது. உன் மகளின் ரத்தம் எரிந்தது. அடுப்புச் சாம்பலை ஊதினால் உள்ளே கங்கு கண் விழிக்குமே, அந்தச் சிவப்பு. சின்னச் சின்னதாக, எண்ண முடியாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஜ்வலித்தது. நான் 'ஐயோ' என்றேனா, 'கடவுளே' என்றேனா, நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் மங்கிவிட்டது. டாக்டர் என் பின்னாலிருந்து கிசுகிசுத்தார், தேவாலயத்தில் பேசுகிற குரலில்: "இதைப் பத்திப் படிச்சுதான் இருக்கேன். இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

ராக்னா முக்காலியில் ஏறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இது என்னோடதா? நெசமாவே என்னோடதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் டாக்டர். உடனே என் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு எழுதும்மா. நான் பொய் சொல்லலன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

நோய்க்கு ஒரு முழ நீளப் பெயர் இருக்கிறது. பெயர் வைத்தே சில வருஷம்தான் ஆகிறதாம். அவள் ரத்தத்தில் ஏதோ ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது, வெளிச்சம் பட்டால் அது தோலுக்கு அடியில் விழித்துக்கொண்டு சுடுகிறது. மேலே ஒன்றும் தெரியாது. மருந்து இல்லை. மூடிக்கொள்வதும் களிம்பும்தான் வழி, அதையும் பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மலைச்சூரியன் விளக்கைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதுல வர்ற ஊதா வெளிச்சம்தான் இவளுக்கு ஆகவே ஆகாதது. அதுவும் அவ்வளவு கிட்டத்துல நிக்க வெச்சா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நீ கேட்டதற்குப் பதில். நெருப்பு ஜெல்லிமீன் கையில் சுற்றிக்கொண்டால் எரியுமே, அது தோலுக்கு உள்பக்கம் சுற்றிக்கொண்ட மாதிரி இருக்குமாம். உள்ளே போய் எடுக்க முடியாதாம். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நாங்கள் இங்கேயே இருந்துவிடுகிறோம்.

தோரூன்


கிரோவிக்
18 ஜூன் 1965

தோரூன்,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

சூரியன் இறங்குவதே இல்லாத நாட்கள் இவை. உனக்குச் சொல்ல வேண்டுமா என்ன. கண்ணாடி தடுக்காது என்று எழுதியிருந்தாயே, அது என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. வீட்டுக்குள் வெயில் எங்கெல்லாம் வருகிறது என்று அதன் பின்னாலேயே நடந்தேன். காலையில் சமையலறை மேஜை, அவள் கஞ்சி குடிக்கிற இடம். அப்புறம் நம் அறை. பிறகு மாடிப்படி. சாயங்காலம் நேராக அவள் தலையணை மேல். அதோடு போய்த் தொலையும் என்று பார்த்தால், வீட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கு ஜன்னலுக்கு வந்து நிற்கிறது, நான் திரைகூட மாட்டாத ஜன்னல். முழுச் சுற்று. நான் பிறந்து வளர்ந்த வீடு இது. இதற்குள் இவ்வளவு வெளிச்சம் வந்து போகிறது என்று நான் கவனித்ததே இல்லை. தரையில், சுவரில், கதவுப் பிடியில், எங்கே பார்த்தாலும் வெளிச்சம். எவ்வளவு பெரிய சூரியனுக்குக் கீழே அந்தச் சின்ன உடம்பை வைத்திருந்தோம்! தோரூன், எனக்கு வந்தது பயமா, பக்தியா, சொல்லத் தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் அங்கே இருப்பதுதான் சரி. ஓஸ்லோவில் கோடையிலும் இரவு என்று ஒன்று வருகிறது.

ஆனால் ஒன்று கேள். இருட்டுக் காலத்தில் இங்கே இரண்டு மாதம் சூரியன் தலையே காட்டுவதில்லை. நம்மெல்லாருக்கும் அது சாபம். பெருமூச்சு விட்டுக்கொண்டு, மீனெண்ணெய் குடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறோம். அவளுக்கு மட்டும் அதுதான் வருஷத்திலேயே வெளியே நிற்கக்கூடிய காலம். அவள் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்த வயதில் இது யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்தாள், அந்த வருஷமே அந்த இருட்டுக்குள்ளும் கம்பி இழுத்து ஒரு சூரியனைக் கொண்டுவந்து மாட்டினோம். அது சுட்ட சூட்டில் அந்த மாதங்களிலும் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான்.

சங்கத் தலைவி பெர்ன்ட்சன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். விளக்கை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் காபியைக் கீழே வைக்கவே இல்லை. "ஒரு பொண்ணுக்காக ஊர்ப் பிள்ளைங்க காலெல்லாம் வளைஞ்சு போகட்டுங்கறியா? என் தங்கச்சி எப்படி நடந்தான்னு உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹால்வார்


ஓஸ்லோ
10 செப்டம்பர் 1965

ஹால்வார்,

கோடையில் உனக்கு எழுத நேரமே இல்லை. நேரமில்லை என்பதைவிடத் தெம்பில்லை என்பதுதான் சரி. வெயில் ஏற ஏறக் களிம்பு வியர்வையில் வழிந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். துடைக்கிறபோதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். கம்பளிக்குப் பதில் அடர்த்தியான பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை தைத்தேன். தொப்பி ஓரத்துக்கு இரண்டு மடிப்புத் துணி வைத்தேன். வெயில் மறைந்த பிறகுதான் முற்றத்துக்கு இறங்குவாள், அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை. தனியாகக் கட்டம் போட்டுத் தாண்டிக்கொண்டிருப்பாள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

இப்போது வெயில் தணிந்துவிட்டது, களிம்பைக் கொஞ்சம் மெலிதாக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகள் அவளை 'மாவு மூஞ்சி' என்று கூப்பிடுகிறார்களாம். அழாமல்தான் சொன்னாள். அடுத்த வாக்கியமே, "இருட்டுக் காலம் எப்பம்மா வரும்?" என்பது. இங்கே இருட்டுக் காலம் கிடையாதடி, குளிர்காலத்திலும் சூரியன் வரும் என்றேன். "அப்ப அது எங்க இருக்கோ அங்க போலாம்" என்றாள். தினமும் இதையேதான் கேட்கிறாள்.

உன் ஜூன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் அல்ல, வெயில் பின்னாலேயே நீ வீடு முழுக்க நடந்ததை. "அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

டாக்டர் ஃபால்க்கிடம் பேசினேன். குளிர்காலத்துக்கு வடக்கு, வெயில்காலத்துக்குத் தெற்கு என்று வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல மருந்து தன்னிடம் இல்லை என்கிறார். என்னால் கிறிஸ்துமஸுக்கு முன் லீவு எடுக்க முடியாது. சிக்னே நவம்பர் கடைசியில் அவளைக் கூட்டி வரத் தயார். ஆனால் அந்த விளக்கு பள்ளிக்கூடத்தில் தொங்குகிற வரை அனுப்ப மாட்டேன். ஊரே என் காலில் விழுந்தாலும் அனுப்ப மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உன் பேச்சை எடுத்தால் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். அவள் உன்னிடம் வந்து இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

தோரூன்


கிரோவிக்
4 அக்டோபர் 1965

தோரூன்,

உன் கடைசி வரிகளை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. மற்றதை எழுதுகிறேன்.

போன வாரம் மாதர் சங்கக் கூட்டம். ஆண்கள் போவதில்லை, நான் போனேன். கதவோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உன் மே மாதக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். உன்னைக் கேட்காமல் வாசித்தது தப்புதான், வந்து திட்டு. இருட்டறை, ஊதா வெளிச்சம், அந்த ஒரு சொட்டு. 'உன் மகளின் ரத்தம் எரிந்தது' என்கிற இடத்தில் நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் பின்னல் ஊசிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. எப்போதும் டிக் டிக்கென்று சத்தம் கேட்கிற அறை அது.

பெர்ன்ட்சன் அம்மா பின்னலை மடியில் இறக்கிவைத்தார். அப்புறம், "நம்ம ஊர்ப் பொண்ணுக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "இவ்வளவு நாளா நம்ம கண்ணு முன்னாடி வளர்ந்துக்கிட்டிருந்தவளுக்குள்ளயா?" ஆமாம் என்றேன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "வா. ஏணி இருக்கா உங்கிட்ட?" என்றார்.

விளக்கைக் கழற்றிப் பிரார்த்தனைக் கூடத்தின் அடித்தளத்தில் மாட்டிவிட்டோம். தேவைப்படுகிற பிள்ளைகள் பள்ளி முடிந்து அங்கே போவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, ஒரு கீற்றுகூட வெளியே வராது. சந்தேகமென்றால் பெர்ன்ட்சன் அம்மாவுக்கு எழுதிக் கேள், கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தவர் அவர்தான்.

இப்போது புதுத் தலைவலி. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். கடையில் மாட்டியிருக்கும் குழல் விளக்கு அவளைச் சுடுமா என்று ஊலுஃப் கேட்கிறான். பாதிரியார் மெழுகுவத்தியைப் பற்றிக் கேட்கிறார். படகுக்காரர்கள், "எங்க தேடுவிளக்கைத் திருப்பி வெச்சுக்கணுமா?" என்கிறார்கள். டீச்சர் நிலா வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார். வடக்கொளி ராத்திரி வானத்தில் பச்சைத் திரையாக ஆடுகிறபோது உள்ளே கூப்பிட்டுவிட வேண்டுமா என்று பெர்ன்ட்சன் அம்மாவே வந்து கேட்டார். எனக்கு என்ன தெரியும்? டாக்டரைக் கேட்டு எழுது. வெளிச்சத்தில் இத்தனை வகை இருக்கிறதென்று இந்த ஊரில் யாரும் இதுவரை யோசித்ததில்லை, ஆளாளுக்கு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறோம்.

கடையில் குளிர்காலக் களிம்பு வந்துவிட்டது. முதல் உறைபனி விழுந்ததும் தண்ணீர் கலந்த கிரீமையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு எல்லா வீட்டிலும் கொழுப்புக் களிம்புக்கு மாறிவிட்டார்கள். தண்ணீர் கலந்ததைத் தடவிக்கொண்டு வெளியே போனால் கன்னம் உறைந்துவிடும் என்று டீச்சர் வகுப்பில் சொன்னாராம். மற்ற பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் அவ்வளவுதான் வேலை. அவளுக்கும் இங்கே அவ்வளவுதான் இருக்கும்.

ஹால்வார்


ஓஸ்லோ
25 அக்டோபர் 1965

ஹால்வார்,

உன் கேள்விகளை டாக்டர் ஃபால்க்கிடம் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார், கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இதுவரை ஒரு நோயாளிக்காக ஓர் ஊரே கேள்வி கேட்டு அவர் பார்த்ததில்லையாம்.

நிலா ஒன்றும் செய்யாது. மெழுகுவத்தி செய்யாது. குழல் விளக்குக்கு நேர் கீழே வெகுநேரம் நிற்க வேண்டாம், கடையில் ரொட்டி வாங்குகிற நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. தேடுவிளக்கை முகத்துக்கு நேரே அடிக்க வேண்டாம், அது யாருக்குமே நல்லதில்லை. வடக்கொளியைப் பற்றி அவர் வாய் திறப்பதற்குள் ராக்னாவே, "அது சுடாது. அது சும்மா ஆடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவர் அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எனக்கு இன்னும் பயம்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைப் படித்த பிறகு, அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிக்னே ரயிலில் பூதே துறைமுகம் வரை கூட்டி வந்து, அங்கிருந்து கப்பலில் வருகிறாள். சூரியன் அங்கே கடைசியாக முகம் காட்டிய பிறகுதான் வந்து சேர்வார்கள். வழியெல்லாம் பூச வேண்டிய களிம்பைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ராக்னா எழுதச் சொன்னது: "கப்பல்துறையில அப்பா என்னைத் தூக்கக் கூடாது. நானே நடந்து வருவேன்."

தோரூன்


கிரோவிக்
3 டிசம்பர் 1965

தோரூன்,

வந்து சேர்ந்துவிட்டார்கள். சிக்னே சோபாவில் படுத்துக் குறட்டை விடுகிறாள்.

கப்பல் வந்தபோது என் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். வெளியே எடுத்தால் நானே என்னை நம்ப முடியாது. இறங்குபலகையில் முதலில் ஒரு தொப்பி, அதற்குக் கீழே சால்வை, கையுறை, அந்த வெள்ளைக் களிம்பு, நடுவில் இரண்டு கண். பாவம், நம் பிள்ளை. நடந்து வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். என் கைகள் பைக்குள் இருப்பதைப் பார்த்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள். பகல் நேரம்தான், தெற்கே மலைக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு, மற்றதெல்லாம் அந்த நீலம். பனிகூட நீலமாக இருந்தது.

"போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு" என்றேன்.

"நெசமா?"

"நெசம்தான்டி. ஜனவரி கடைசி வரைக்கும் வராது."

கையுறையைக் கழற்றினாள். சால்வையை அவிழ்த்தாள். தொப்பியைக் கழற்றினாள், உள்ளே முடி ஒட்டிப் போயிருந்தது. சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்தாள், பூச்சு கட்டி கட்டியாக வந்தது. கன்னம், மூக்கு, நெற்றி, எல்லாம் வெறுமையாக, அந்தக் குளிரில், வானத்துக்குக் கீழே. கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. தோரூன், ஒன்றுமே நடக்கவில்லை! கப்பல்துறையில் இருந்தவர்கள் எல்லாரும் சாமான் இறக்குவதை விட்டுவிட்டு நின்றார்கள். தன் மகளின் முகத்தை வெட்டவெளியில் பார்ப்பது இவ்வளவு பெரிய காரியமா? நான் இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பெர்ன்ட்சன் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாயைப் பொளந்துகிட்டு நிக்காதே. பிள்ளை கன்னம் உறைஞ்சு போகும், களிம்பைப் போடு" என்று அதட்டினார். டப்பாவை ராக்னாவிடமே நீட்டினேன். அவள் தானே தடவிக்கொண்டாள். வீடு வரை எனக்கு ஓரடி தள்ளியே நடந்தாள்.

அது முந்தாநாள். நேற்றுப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். இன்று பள்ளி விட்டதும் பையைக் கதவுக்குள் வீசிவிட்டு மறுபடி ஓடிவிட்டாள். வெளியே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சறுக்குப் பலகையோடு கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மீன் அவித்து, உருளைக்கிழங்கு அவித்து, வெண்ணெய் உருக்கி வைத்தேன். அவள் வரவில்லை. சிக்னே சாப்பிட்டு எழுந்துவிட்டாள். மீன் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. கதவைத் திறந்து வாசலில் நின்று கத்தினேன்.

"ராக்னா! எத்தனை நேரம்? சாப்பாடு ஆறிப் போச்சு. உள்ள வாடி!"

கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. எதிர்வீட்டுக்காரன் தினமும் இப்படித்தான் கத்துவான். ஊலுஃப் கத்துவான். பிள்ளை பெற்ற எல்லாரும் இந்த ஊரில் வாசலில் நின்று கத்துகிறார்கள். நான் கத்தியதே இல்லை. உள்ளே வா என்று என் மகளைக் கூப்பிட வேண்டிய அவசியம் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மேட்டிலிருந்து, அந்த இருட்டுக்குள்ளிருந்து, அவள் குரல் வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்ப்பா!"

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து மீனை மறுபடி அடுப்பில் வைத்தேன்.

ஹால்வார்